வரிசைக்கு வெளியே ஒரு செடி

வேளாண்மை அலுவலகத்தின் வெளிச்சுவரில், குடிநீர்க் குழாய்க்கு மேலே, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பலகை இருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு மானியம் என்ற பட்டியலை வருஷத்துக்கு ஒரு முறை அதில் ஒட்டுவார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று கீழே போட்டிருக்கும். ஆட்சேபம் சொல்ல ஒருத்தரும் வருவதில்லை. அடுத்தவனுக்கு எவ்வளவு என்று பார்க்கத்தான் வருகிறோம். தன் பெயரைத் தேடுவதுபோல விரலை ஓட்டிக்கொண்டே கண்ணை மட்டும் பக்கத்து வரிக்கு அனுப்புவது எங்கள் ஊரில் எல்லோருக்கும் கைவந்த கலை.

நானும் அப்படித்தான் போனேன். விதைக்கும் உரத்துக்கும் சேர்த்து என் பெயருக்கு நேரே ஒரு தொகை இருந்தது. அடுத்த வரியில் என் தம்பி. ஒரே தகப்பன் பெயர் என்பதால் பட்டியலில்கூட என்னை ஒட்டிக்கொண்டுதான் நிற்கிறான். அவன் தொகை என்னுடையதைப் போல நான்கு மடங்கு. என்ன பயிர் என்ற கட்டத்தைப் பார்த்தேன். 'எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தது.

எதுவும் இல்லாததற்கு நான்கு மடங்கு! வயிறு பற்றி எரிந்தது. குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தேன், அணையவில்லை.

அதற்கு 'நிலத்துக்கு ஓய்வு' என்று ஒரு திட்டம். மூன்று வருஷம் நிலத்தைச் சும்மா போட்டு வைக்க வேண்டும். உழக் கூடாது, விதைக்கக் கூடாது, ஆடு மாடு இறங்கக் கூடாது. மண் தேறுமாம், பறவைகள் பிழைக்குமாம். முதல் இரண்டு வருஷம் கொஞ்சமாகக் கொடுப்பார்கள். மூன்றாம் வருஷக் கடைசியில் ஒரு பெருந்தொகை. என் தம்பி மூன்றாம் வருஷத்துக்கு வந்திருந்தான். நாற்பத்தைந்து நாள் கழித்து இறுதி ஆய்வு ஒன்று பாக்கி, அவ்வளவுதான்.

ஊரில் அவனைத் 'துரை' என்பார்கள். வாசலில் நாற்காலி போட்டுக் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, தன் புல் வளர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். என்னை 'எறும்பு' என்பார்கள். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. எறும்புக்கு உர மூட்டையில் கொஞ்சம் தள்ளுபடி, துரைக்கு உட்கார்ந்ததற்குச் சம்பளம்.

சின்ன வயதிலிருந்தே அவன் கொடுத்துவைத்தவன். பாகம் பிரித்தபோது சீட்டுக் குலுக்கினோம். வீட்டை ஒட்டிய இரண்டு ஏக்கர், சாலைப் பக்கம், அவன் கைக்குப் போனது. அதற்குப் பின்னால் இருக்கும் கல் மேடு என் கைக்கு வந்தது. அந்தச் சீட்டைக் குலுக்கியவன் நான் என்பதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஆலங்கட்டி மழை பெய்த வருஷம் என் பயிர் முழுவதும் படுத்துவிட்டது. அவன் அந்த வருஷம் சோம்பல்பட்டு ஒரு மாதம் தாமதமாக விதைத்திருந்தான், தப்பித்துக்கொண்டான். அந்த நஷ்டத்தில்தான் என் மகன் கல்லூரியை இரண்டாம் வருஷத்தில் விட்டுவிட்டு, இப்போது கடைகளுக்குப் பெட்டி இறக்கும் வண்டி ஓட்டுகிறான்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள்: "பட்டியல் போட்டுட்டாங்களா?"

"போட்டுட்டாங்க."

"எவ்வளவாம்?"

எங்களுக்கு எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சொன்னேன். அவள் அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு அது.

சாயங்காலம் தம்பி மகள் வந்தாள். டவுனில் நர்ஸிங் படிக்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பெரியப்பா, பட்டியல்ல அப்பா பேரு வந்துடுச்சு! கடைசி வருஷ ஃபீஸ் அந்தப் பணத்துலதான். இனி கவலையே இல்லைன்னு அப்பா சொல்லிட்டாரு."

"ரொம்பச் சந்தோஷம்மா," என்றேன். வாய்தான் சொன்னது. அந்த நேரம் பார்த்து என் மகன் வேலையிலிருந்து வந்து, வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். அவன் காலுறையில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அதற்கு மேல் அந்தப் பெண் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

பட்டியலுக்குப் பக்கத்தில் விதிகளையும் ஒட்டியிருந்தார்கள். மறுநாள் போய் அதைப் படித்தேன். ஏழாவது விதி: ஓய்வு நிலத்தில் விதைத்த பயிர் ஏதும் காணப்பட்டால் இறுதித் தொகை கிடையாது. இரண்டு தடவை படித்தேன். படிக்கும்போதே உள்ளுக்குள் ஒருவன் கையைத் தேய்த்துக்கொண்டான்.

மகள் படிப்புக்கு என்ன செய்வான் என்று நான் யோசிக்கவில்லையா? யோசித்தேன். அவனுக்கு எப்படியும் ஒரு வழி வரும், எப்போதும் வந்திருக்கிறது, இப்போதும் வரட்டும் என்று யோசித்தேன். என் மகனுக்கு வராத வழி அவன் மகளுக்கு மட்டும் ஏன் வாசல் தேடி வர வேண்டும் என்றும் யோசித்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு வெட்கமாக இல்லை.

அந்த வாரமே தம்பி குடும்பத்தோடு டவுனுக்குப் போனான். மகளின் விடுதி அறையை மாற்ற வேண்டுமாம், இரண்டு நாளாகும் என்றான். "கொஞ்சம் வீட்டைப் பாத்துக்க அண்ணே," என்று சாவியை வேறு கொடுத்துவிட்டுப் போனான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊர் கண்ணயர்ந்த நேரம், பையில் இரண்டு பிடி மக்காச்சோள விதையோடு வரப்பைத் தாண்டினேன். என் நிலத்தை ஒட்டிய கோடியில் புல் மார்பு உயரம் நின்றது. அவன் நாற்காலியிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியாது. காலை வைத்தால் மண் இறுகிவிடும் என்று எவனோ அதிகாரி சொன்னதைக் கேட்டு, தன் நிலத்துக்குள்ளேயே போகாதவன் அவன். இரண்டு பிடியை வீசிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன், சத்தியமாக.

வீசினேன். விதையெல்லாம் புல்லின்மேல் உட்கார்ந்துகொண்டது. குருவிக்குச் சாப்பாடு போட்டதாகத்தான் முடியும். சரி, கொஞ்சம் புல்லைப் பிடுங்குவோம் என்று குனிந்தேன். பிடுங்கிய இடத்தில் மண்ணைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. கறுப்பு. ஈரம். கையை விட்டால் மணிக்கட்டுவரை போகிறது. ஒரு பிடி எடுத்தால் அதில் மூன்று மண்புழு. என் மேட்டில் மண்வெட்டியைப் போட்டால் கல்லில் பட்டு 'டங்' என்று ஊருக்கே கேட்கும். இங்கே சத்தமே இல்லை. மூன்று வருஷம் தூங்கியே இப்படி ஆகிவிட்டதா இந்த மண்? அவன் மண்ணும் அவனைப் போலவே.

அப்படிப்பட்ட மண்ணில் கன்னாபின்னாவென்று விதைக்க எனக்கு மனசு வரவில்லை. மண்வெட்டியும் கயிறும் இன்னும் கொஞ்சம் விதையும் எடுக்க வீட்டுக்குத் திரும்பிப் போனேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? போனேன். ஒரு பெரிய அறை அளவுக்குப் புல்லைச் சுத்தம் செய்தேன். கயிறு கட்டி வரிசை போட்டேன். வரிசைக்கு வரிசை ஓர் எட்டு, குழிக்குக் குழி ஒரு சாணும் நான்கு விரலும். குழிக்கு இரண்டு விதை, மேலே மண், உள்ளங்கையால் ஒரு தட்டு. ஒவ்வொரு வரிசை முடிவிலும், வரிசைக்கு வெளியே கை எட்டும் தூரத்தில் ஒரு விதை கூடுதலாக. மறுநாள் மத்தியானம் மிச்சத்தையும் முடித்தேன். மொத்தம் பன்னிரண்டு வரிசை. திருட்டு வேலை செய்ய வந்தவன் இடுப்பில் கை வைத்து நின்று, கோணல் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

ஐந்தாம் நாள் முளைத்தது. அதே வாரத்தில்தான் என் மேட்டிலும் விதைத்திருந்தேன், அங்கே ஒன்பதாம் நாள் முளைத்தது. பதினைந்தாம் நாள், குழிக்கு ஒரு செடியை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கப் போனேன். வேரை அசைக்காமல், அடியில் பிடித்து, ஒரே இழுப்பு. நாசம் செய்யப் போட்ட பயிரைக் களைந்துவிட்டு வருகிறேன்! முப்பதாம் நாள் பார்த்தால் அவன் நிலத்துச் செடி என் இடுப்புக்கு மேலே, இலை ஒவ்வொன்றும் கரும்பச்சை. என் நிலத்துச் செடி முழங்காலில் நிற்கிறது. ஒரே விதை, ஒரே மழை, ஒரே கை. எனக்கு என் சோளத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வரப்போரம் போய், புல்லை விலக்கி, அந்தச் செடிகளைப் பார்த்துவிட்டு வருவேன். என் ஆயுசில் நான் போட்ட மிக நல்ல பயிர் அதுதான். அதுவும் அவன் நிலத்தில்.

ஆய்வு நாள் வந்தது. பக்கத்து நிலக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி இருப்பதால் எனக்கும் ஆள் வந்தது. ஆய்வாளர் சின்ன வயசுக்காரர், ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். நிலத்தின் நான்கு மூலையிலும் நின்று போட்டோ எடுக்க வேண்டுமாம். முதல் மூலை, இரண்டாம் மூலை, மூன்றாம் மூலை. தம்பி அவருக்குப் பின்னால் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நடந்தான். நான் அவனுக்குப் பின்னால் நடந்தேன்.

நான்காம் மூலையில் ஆய்வாளர் புல்லை விலக்கினார். விலக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க இது?"

தம்பி முன்னால் போய்ப் பார்த்தான். அவன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு வரிசையை அடியிலிருந்து கோடிவரை பார்த்தான். கோடியில், வரிசைக்கு வெளியே தனியாக நின்ற செடியைப் பார்த்தான். அடுத்த வரிசையின் கோடியைப் பார்த்தான், அங்கேயும் ஒன்று. மூன்றாவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தான்.

"யாரு விதைச்சது? வெளியாள் பண்ணின வேலைன்னா சொல்லுங்க, புகார் எழுதிக்கிறேன். உங்க பணத்துக்கு ஒண்ணும் ஆகாது. பண்ணினவருக்கு அஞ்சு வருஷத்துக்கு எந்த மானியமும் கிடையாது, அவ்வளவுதான்," என்றார் ஆய்வாளர்.

"வெளியாள் யாரும் இல்ல சார். நான்தான் போட்டேன்."

"நீங்களா? மூணு வருஷம் காத்திருந்துட்டுக் கடைசி நேரத்துலயா?"

"சும்மா உக்காந்து உக்காந்து கை நமநமன்னுச்சு சார்."

ஆய்வாளர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுதினார். எழுதி முடித்து என் பக்கம் நீட்டினார். 'நில உரிமையாளரே விதைத்ததாக ஒப்புக்கொண்டார்' என்று இருந்தது. அதன் கீழே சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். பேனா எழுத மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது வழவழவென்று எழுதியது.

நான் நினைத்தது நடந்துவிட்டது. அவனுக்கு ஒரு பைசா கிடையாது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு எனக்கு இனித்திருக்க வேண்டும். இறங்கவில்லை. மூன்று நாளில் ஊர் முழுக்க இதே பேச்சாகிவிட்டது. டீக்கடையில் பால்காரர் சொன்னார்: "என்ன இருந்தாலும் துரை மனுஷன்யா! கேட்ட உடனே, ஆமா நான்தான்னு சொல்லிட்டானே! வேற எவனாவதுன்னா பக்கத்து நிலக்காரன் மேல பழியைப் போட்டுருப்பான்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீ தப்பிச்ச எறும்பு!"

பணத்தைப் பிடுங்கிவிட்டேன். அதற்குப் பதிலாக அவன் நல்ல பெயரை வாங்கிக்கொண்டு போய்விட்டான். என்னைக் காட்டிக்கொடுக்காமல், ஒரு வார்த்தை கேட்காமல், என் முன்னால் தலை நிமிர்ந்து நடக்கிறான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறேன். தோற்பதில்கூட அவன்தான் முதலில் வர வேண்டுமா?

நான்காம் நாள் தம்பி மகள் சைக்கிளில் வந்தாள். மருந்துக்கடையில் வேலை கேட்டிருக்கிறாளாம், படிப்பை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். போகும்போது திரும்பி நின்று கேட்டாள்: "அப்பாவுக்கு ஒரு செடிகூட நேரா வைக்கத் தெரியாதே பெரியப்பா? எப்படி அவ்வளவு அழகா போட்டாரு?"

என் மகன் தின்பண்டப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்து, "அடுத்த வருஷம்னு சொல்லாத. நானும் அப்படித்தான் சொன்னேன்," என்றான். சொல்லிவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்கினான்.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. பாசத்தில் கிளம்பினேன் என்று சொன்னால் அது பொய். அந்தப் பெண்ணின் முகம் உறுத்தியது உண்மை. ஆனால் என்னைத் தூக்கி நடக்க வைத்தது வேறு. உண்மையைச் சொல்லும் பெருமையையாவது அவன் கையிலிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்ற வெறிதான். அவன் பெரிய மனசுக்காரன், நான் அவன் நிழலில் ஒளிந்தவன் என்று சாகும்வரை இருக்க என்னால் ஆகாது.

அலுவலகத்தில் மூக்குக் கண்ணாடி போட்ட எழுத்தர் அம்மா ஒருத்தர் உண்டு. இருபது வருஷமாக எங்கள் எல்லோருடைய விண்ணப்பமும் அவர் கை வழியாகத்தான் போகிறது. நின்றபடியே சொன்னேன்: "அந்தச் சோளத்தை விதைச்சது நான். என் தம்பி இல்ல. எழுதிக்குங்க."

அவர் பேனாவைத் தொடவே இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"உங்க தம்பி முந்தாநாளே வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. 'எங்கண்ணன் வருவாரும்மா. என் பொண்ணு படிப்புக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்குவாரு. எழுதி வாங்கிடாதீங்க'ன்னாரு. இப்படி ஒரு அண்ணன் எத்தனை பேருக்கு வாய்க்கும்!"

பக்கத்து மேசைக்காரரும் எழுந்து நின்று என்னைப் பாசத்தோடு பார்த்தார். எனக்குக் காதில் புகை வந்தது. இங்கேயும் எனக்கு முன்னால் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறான்!

"யம்மா, நான் பாசத்துல சொல்லல! பொறாமையில விதைச்சேன்! அவனுக்குப் பணம் வரக் கூடாதுன்னு விதைச்சேன்!" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"சரி சரி, உக்காருங்க, தண்ணி குடிங்க," என்றார் அவர். ஒரு வார்த்தையும் நம்பவில்லை.

உள்ளே இருந்த ஆய்வாளரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துக்கொண்டு வந்தேன். முதலில் என் மேட்டு நிலத்தைக் காட்டினேன். "அளந்து பாருங்க. வரிசைக்கு வரிசை ஓர் எட்டு. செடிக்குச் செடி ஒரு சாணும் நாலு விரலும். ஒவ்வொரு வரிசை முடிவுலயும் வெளியில தள்ளி ஒரு செடி." அவர் டேப்பை எடுத்து அளந்தார். பிறகு வரப்பைத் தாண்டி அங்கே போய் அளந்தார். திரும்பி வந்து மறுபடி இங்கே அளந்தார். சாலைக்கு அந்தப் பக்கம் மற்றவர்கள் சோளம் போட்டிருந்தார்கள், அதையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். யாருடைய வரிசையிலும் வெளியே தள்ளி ஒரு செடி கிடையாது. என் பிடிவாதத்துக்கு அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் கிடைத்ததில்லை.

"நீங்கதான்," என்றார் கடைசியில். "தப்புப் பண்ணினதை நிரூபிக்க இவ்வளவு பாடுபட்ட ஆளை நான் இப்பத்தான் பாக்கிறேன்."

முன் அறிக்கையை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். தம்பியின் தொகை அவனுக்கே. எனக்கு ஐந்து வருஷத்துக்கு விதையும் கிடையாது, உரமும் கிடையாது. விதைத்தவனே மூன்று நாளுக்குள் அந்தச் சோளத்தை வேரோடு பிடுங்க வேண்டும், அதையும் போட்டோ எடுப்பார்கள். வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். "இவ்வளவு நல்ல புத்தியை விதைக்கிறதுக்கு முன்னாடி எங்க வெச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் பிடுங்கப் போனேன். செடிகள் என் தோளுக்கு வந்திருந்தன. முதல் செடியைப் பிடுங்க மனசு வராமல் நின்றேன். அந்தப் பக்கம் புல் சலசலத்தது. தம்பி. ஆய்வு நாளை விட்டால், மூன்று வருஷத்தில் முதல் தடவையாகத் தன் நிலத்துக்குள் நடந்து வருகிறான். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏன் போய்ச் சொன்ன?" என்றான்.

"உன் புண்ணியத்துல நான் தப்பிக்க வேணாம்னுதான்."

"அதானே பாத்தேன்." அவன் ஒரு செடியைப் பிடித்து இழுத்தான். பாதியில் முறிந்தது, வேர் மண்ணிலேயே நின்றது. "ஒரே ஒரு தடவை உனக்கு நான் ஒண்ணு செஞ்சேன். அதையும் திருப்பி என் மூஞ்சியில எறிஞ்சுட்ட. எல்லாத்தையும் நீதான் செய்யணும். எல்லாம் உனக்குத்தான் ஒழுங்கா வரணும்."

"ஒழுங்கா வந்து என்னடா கிழிச்சேன்? நாலு மடங்கு உனக்குத்தானே வந்துச்சு!"

"எதுக்கு நிலத்தைப் படுக்கப் போட்டேன்னு நினைக்கிற? வரப்புக்கு அந்தப் பக்கம் கல்லு மேட்டுல உன் சோளம் கயிறு பிடிச்ச மாதிரி நிக்கும். இந்தப் பக்கம் நல்ல மண்ணுல என் சோளம் குடிகாரன் மாதிரி நிக்கும். போற வர்றவன் எல்லாம் ரெண்டையும் பாத்துட்டு என்னைப் பாத்துச் சிரிப்பான். இருபது வருஷம் பாத்தேன். விதைக்காம இருந்தா யாரும் ஒப்பிட மாட்டாங்கன்னுதான் எழுதிக் கொடுத்தேன்."

நான் அவனையே பார்த்தேன். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தவன் புல்லை ரசிக்கிறான் என்றுதான் நான் மட்டுமல்ல, ஊரே நினைத்தது. அவன் பார்த்துக்கொண்டிருந்தது புல்லுக்கு மேலே தெரிந்த என் வரிசைகளை. எனக்குச் சந்தோஷம் வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். என் தம்பிக்கு என் மேல் பொறாமை! அந்தச் சந்தோஷம் இரண்டு செடி பிடுங்கும்வரைகூட நிற்கவில்லை.

"முறிக்காதடா. அடியில பிடி. ஒரே இழுப்பு," என்றேன்.

அடியில் பிடித்து இழுத்தான். வேரோடு வந்தது. ஆளுக்கொரு வரிசையாகப் பிடுங்கிக்கொண்டு போனோம். கோடிக்கு வந்ததும் அவன், தனியாக நின்ற அந்தச் செடியின் முன்னால் நின்றுவிட்டான்.

"இது எதுக்கு?" என்றான். "நீ போட்டதுன்னு இதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன். அப்பா வரிசையிலயும் இருக்கும், உன் வரிசையிலயும் இருக்கும். எதுக்குன்னு அப்பா என்கிட்ட சொன்னதே இல்ல. உன்கிட்ட மட்டும்தான் சொல்லியிருப்பாரு."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். பட்டியலுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்குள் பேசும் குரல் அது. சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அவனிடம் இல்லாதது என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"வரிசை முடிஞ்சு திரும்பும்போது கடைசி விதை கால்ல மிதிபட்டுச் செத்துப் போகும். அதுக்குப் பதிலா கால் படாத இடத்துல ஒண்ணு போடுறது."

அவன் செடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்," என்றேன்.